சீதபேதி இல்லையாம், அக்கா

என் பாக்கியம் அக்காவுக்கு,

நான் இப்போது கண்டியில் தாதிப் பயிற்சியில் இருக்கிறேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சப்பாத்து. நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

போன மாதம் எங்களுக்குக் குடல் அழற்சி நோய் பற்றிப் பாடம் நடந்தது. இரத்தமும் சளியுமாகப் போகும், மாதக்கணக்கில் நீளும், உடம்பு உருகும் என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். பாதிப் பக்கம் தாண்டிய பிறகுதான், உன்னைப் பற்றி எழுதுகிறேன் என்று புரிந்தது.

உனக்குச் சீதபேதி என்றுதானே தோட்டத்து டிஸ்பென்சரியில் சொன்னார்கள்? அந்தப் பஞ்ச காலத்தில் நம் லயத்து வரிசை வீடுகளில் யாருக்குத்தான் வயிறு சரியாக இருந்தது? எல்லாருக்கும் கொடுத்த அதே மருந்துத் தண்ணீரை உனக்கும் கொடுத்தார்கள். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது நீ அடிக்கடி ஒதுங்கினாய். வேலைக்குக் கள்ளம் என்று கங்காணி கத்தினார்.

இது வேறு நோயாம், அக்கா. நம் உடம்பின் உயிரணுக்களின் மேல் வாங்கிகள் என்று சில இருக்கின்றனவாம். ஓர் அணு அனுப்பும் இரசாயனம் இன்னோர் அணுவின் வாங்கியில் போய் ஒட்டினால், அது கட்டளை மாதிரி. கிருமியோடு சண்டை போடும் அணுக்களுக்கும் அப்படித்தான் செய்தி போகிறது. இந்த நோயில் சண்டைச் செய்தி நிற்பதே இல்லை. அந்த அணுக்கள் சொந்தக் குடலையே புண்ணாக்கிவிடுகின்றன. ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியாதாம்.

நான் எழுந்து கேட்டேன். “பக்கத்துல படுத்தா தொத்துமா டாக்டர்?”

“இல்லம்மா. இது தொத்தவே தொத்தாது.”

நான் உட்கார்ந்தேன். அதையும் எழுதிக்கொண்டேன். பிறகு வார்டுக்குப் போய் ஆறு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றினேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பரீட்சை வருகிறது, எனக்கும் தொற்றிவிடும் என்று அடம்பிடித்து உன்னை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் படுக்க வைத்தவள் நான். ஒரு நாள் பின்னேரம், மழைச் சாரல் அடித்தபோது நீ கேட்டாய்.

“பாப்பா, குளுருதுடி. இன்னைக்கு மட்டும் உள்ள படுத்துக்கிறேனே.”

“வேணாங்க்கா. தொத்திக்கும்.”

நீ மறுபடி கேட்கவில்லை. நாலாம் நாள் அங்கேயே போய்விட்டாய். ஏன் அக்கா என்னைத் திட்டவில்லை?

இந்தக் கிழமை இறம்பொடைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெண் வார்டுக்கு வந்திருக்கிறாள். அதே நோய். அவள் மாமியார் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றார்.

“கிட்ட போங்க பெரியம்மா. ஒண்ணும் தொத்தாது.”

“நெசமாவா?”

“நெசமாத்தாங்க.”

அவர் போய் அவள் காலைப் பிடித்துவிட்டார். நான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அம்மா இன்னும் நம் லயத்தில்தான் இருக்கிறார். மலையிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுத்துத் தான்தான் உன்னைக் கொன்றதாக இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த லீவுக்கு றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி நேரே அவரிடம் போவேன். தண்ணீரால் இல்லை என்று சொல்வேன். “அப்ப புள்ளைய ஏண்டி வெளிய போட்டோம்?” என்று அவர் கேட்பார். பொய் சொல்ல மாட்டேன், அக்கா.

உன்னை உள்ளே விடாத தங்கச்சி,
சரசு