பந்தலில் புழு இருக்கிறது

ஜூன் 3
கொல்லையில் அவரை பூத்துவிட்டது. மகளின் பிரசவத்துக்குப் போகும் முன் என் மனைவி விதை போட்ட கொடி. "காய் பறிக்க வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 7
பூக்கள் நூலால் கட்டியதுபோல் ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் உள்ளே வெளிறிய புழு, முதுகெல்லாம் கரும்புள்ளி. பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். "காய்ப்புழு சார். அந்துப்பூச்சி முட்டை வச்சுட்டுப் போயிடும். புழு காய்க்குள்ள போயிடுச்சுன்னா வெளியே பார்த்தா லேசுல தெரியாது. இப்பவே பொறுக்கிடுங்க."

ஜூன் 8
ஆயுசெல்லாம் கைக்கடிகாரம் பழுது பார்த்த இடுக்கியை எடுத்தேன். திருகாணி நெளியாது, இது நெளிகிறது. பேச்சுத் துணைக்கு யாரும் இல்லாததால் திட்டிக்கொண்டே பொறுக்கினேன்.

ஜூன் 15
போனில், "கொடி எப்படிங்க இருக்கு?"
"ஜோரா இருக்கு."
"சாப்பாடு?"
"அதுவும் ஜோர்தான்."
போனை வைத்துவிட்டு, நேற்று மீந்ததை நின்றபடியே தின்றேன்.

ஜூன் 20
"நீங்கதான் எல்லாத்தையும் நல்லாப் பார்த்துக்கிறீங்களே. பேரன் குப்புற விழற வரைக்கும் இருந்துட்டு வர்றேன்" என்கிறாள்.
பந்தலில் ஒரு புழுகூட இல்லை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 21
மழை. வீட்டில் எல்லாக் கடிகாரமும் சரியாக ஓடுகிறது. யாருக்காக?

ஜூன் 24
பொய் சொல்லிவிட்டேன். "புழு விழுந்துடுச்சு. காய் தேறாது போலிருக்கு."
"காட்டுங்க" என்றாள். வீடியோவில் காட்டினேன். இந்த வயதிலும் புத்தி வரவில்லை எனக்கு. கொத்துக் கொத்தாகப் பூ, பழுதில்லாத பிஞ்சு.
"ஒண்ணையும் காணோமே?"
"உள்ள இருக்கு. வெளியே பார்த்தா தெரியாது."
போனை என் பக்கம் திருப்பச் சொன்னாள். என் முகத்தைப் பார்த்தாள்.
"எத்தனை நாளா?"
"நீ போனதிலேருந்து."

ஜூன் 29
நாளைக் காலை வருகிறாளாம். பந்தல் முழுக்கத் தேடினேன் — மானத்தைக் காக்க ஒரு புழுவாவது வேண்டாமா? அகப்படவில்லை.

ஜூலை 4
முதல் பறிப்பு. அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து காய் நறுக்கினோம். ஒன்றைப் பிளந்து, வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தாள்.
"ஆமாங்க. இருக்கு" என்றாள்.
எட்டிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.