ராமையா சிரித்த பகுதி

மார்ச் 9, ஞாயிறு

இன்று நோட்டன் பிரிட்ஜ் ஊரில் ராமையாவின் மனைவி செல்வியைப் பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைப் பற்றி நான் எடுத்த ஆவணப்படத்தில் ராமையா பேசியிருந்தார். போன மாதம் இறந்துவிட்டார். அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதலாம் என்றுதான் போனேன்.

தேத்தண்ணி கொடுத்துவிட்டு செல்வி கேட்டார்: "படத்துல அவரு கோவமா பேசுறது மட்டுந்தாங்க இருக்கு. அன்னைக்கு எங்க கல்யாணக் கதைய சொல்லிச் சிரிச்சாரே, அது ஒங்ககிட்ட இருக்குங்களா? புள்ளைங்க அந்தச் சிரிப்பக் கேக்கணும்னு சொல்லுதுங்க."

எனக்கு அவருடைய கோபம் மட்டுமே தேவைப்பட்டது. படம் முடிந்ததும் மீதிப் பதிவை அழித்துவிட்டேன்.

"தேடிப் பாக்குறேங்க" என்றேன்.

பஸ் ஏற்றிவிட வந்தவர், "அவசரமில்லீங்க, மெதுவா தேடுங்க" என்றார்.