எண்ணெயில் ஊறும் காசு

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். எல்லாரும் என்றால் அப்பாவும் நானும்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்கிறோம். அப்பாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. அறுவைக்குப் பதினெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

உன் அறையை நேற்றுதான் ஒழித்தேன். நாணயத் தட்டு அப்படியே இருக்கிறது. ரோமின் கடைசிக் காலத்து வெண்கலக் காசுகள், சுண்டுவிரல் நக அளவில், நாம் மண்ணோடு எடைக்கு வாங்கியவை. "செல்லாக்காசைக் காசு குடுத்து வாங்குற புள்ளைங்களை இப்பதான் பாக்குறேன்" என்பார் அப்பா.

ஒவ்வொன்றுக்கும் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. ஒன்றில்: 'இரண்டு வீரர்கள், நடுவே ஒரு கொடி.' அந்த வீரர்களை அழித்தவன் நான். களிம்பு இளக ஆறு மாதம் எண்ணெயில் ஊறட்டும் என்றாய். நான் எலுமிச்சைச் சாற்றில் போட்டு ஒரே மாலையில் தேய்த்தேன். களிம்போடு உருவமும் போயிற்று. நீ திட்டவில்லை. "பொறுமை கிலோ என்ன விலைன்னு கேப்படா நீ" என்றாய். சீட்டில் ஒரு வரி சேர்த்தாய்: 'தம்பியின் திருப்பணி.'

ஃபோட்டோக்காரரைக் கட்டிக்கொண்டு நீ போன அன்று, ஜன்னலோர ஜாடியில் ஒரு காசு ஊறிக்கொண்டிருந்தது. ஏழு வருடம். கறுத்துக் கட்டியாகியிருக்கும் என்று கொட்ட எடுத்தேன். எண்ணெய் தெளிவாக இருந்தது. மேசை முழுக்க எண்ணெய்த் திட்டுகள். யாரோ குறி தவறித் தவறி ஊற்றியிருக்கிறார்கள்.

"கொட்டிடாதே. போன வாரந்தான் மாத்தினேன்."

பின்னால் அப்பா. ஏன் என்று கேட்டேன்.

"மூணு மாசத்துக்கு ஒருதரம் மாத்தணும்னு ஜாடியில எழுதி ஒட்டியிருந்தாளே."

ஏழு வருடமாக உன் பேரை இந்த வீட்டில் சொல்லாதவர். இப்போதும் பேர் இல்லை. 'அவ' மட்டும்.

நான் எடுத்துத் துடைக்கட்டுமா என்றேன். "நீயா? எலுமிச்சம்பழ வேலை காட்டவா? ஊறட்டும். அவ வந்து எடுப்பா."

போனார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடுத்தா படம் புடிக்க ஆள் வேணுமில்ல. அந்த ஃபோட்டோக்காரனும் வரட்டும்."

மாமாவிடம் இதை அப்படியே சொல். அப்பாவுக்கு இதற்கு மேல் பேச வராது.

சாமான்களெல்லாம் பெட்டியில் ஏறிவிட்டன. ஜாடியை மட்டும் தரமாட்டேன் என்கிறார். மடியிலேயே இருக்கிறது. கண் கட்டைப் பிரிக்கும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் மெல்லிய தூரிகையை எடுத்துக்கொண்டு வா, அக்கா. பதினெட்டுக்கு முன்னால். நான் கை வைக்கமாட்டேன்.

காத்திருக்கப் பழகிக்கொண்ட,
தம்பி