கம்பியைக் கட்டியது நான்

மார்ச் 3, திங்கள்
மாவு பிசையும் இயந்திரம் மறுபடியும் மக்கர். மூடியைத் திறந்தால்தான் நிற்க வேண்டும், மூடியிருக்கும்போதே நிற்கிறது. மூடியிலுள்ள நிறுத்து விசை பழுது. புதுசு வர ஒரு வாரமாகும். எங்கள் மேற்பார்வையாளர், அதாவது அக்கா வீட்டுக்காரர், "கம்பியை வச்சுக் கட்டி ஓட்டு மச்சான், ரொட்டி நிக்கக் கூடாது" என்றார். கட்டினேன். இனி மூடியைத் திறந்தாலும் ஓடும். ஒரு வாரம்தானே.

மார்ச் 6, வியாழன்
மாவு பிசையும் நெட்டையனின் கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. ஓரத்து மாவை வழிக்க மூடியைத் திறந்திருக்கிறான். நின்றுவிடும் என்று நம்பித்தான் கையை விட்டிருக்கிறான். இரண்டு விரல் போய்விட்டது. அலறல் கேட்டு ஓடி மின்சாரத்தை நிறுத்தினேன். எல்லோரும் "நல்லவேளை, நீ இருந்தே" என்கிறார்கள். ஆண்டவரே.

மார்ச் 7, வெள்ளி
நெட்டையனே கம்பியைக் கட்டிக்கொண்டதாக அத்தான் மேலாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை விசாரணை. "நீ பொய் சொல்ல வேணாம். தெரியாதுன்னு சொல்லு, போதும்." அது பொய்யில்லாமல் என்னவாம்?

மார்ச் 9, ஞாயிறு
ஆராதனையில் சாட்சி சொல்ல எப்போதும் முதலில் எழுந்திருப்பவன் நான். இன்று எழுந்திருக்க முடியவில்லை. முன் வரிசையில் அத்தானின் பிடரி.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெட்டையன் கோயில் பக்கமே வராதவன். என் ஜெபத்தைக் கிண்டல் செய்தே பொழுதைப் போக்குகிறவன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்களைத்தாண்ணே நம்பியிருக்கேன். நீங்க சாமி கும்பிடுற ஆளு, பொய் சொல்ல மாட்டீங்க" என்றான்.

கட்டியது நான் என்று அவனுக்குத் தெரியாது. சொல்லவும் வாய் வரவில்லை. கோழை.

மார்ச் 10, திங்கள்
மனைவியிடம் கொட்டிவிட்டேன். "சொல்லிடுங்க" என்றாள்.
"வேலை போயிட்டா?"
"போகட்டும். நாலு நாளா நீங்க சாப்பிடுற அழகைத்தான் பார்க்கிறேனே."
இப்படி ஒருத்தியைக் கொடுத்தாரே, ஸ்தோத்திரம்.

அத்தானிடமும் போய்ச் சொன்னேன், முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாதென்று. "நீங்களே முதல்ல சொல்லிட்டா நல்லது அத்தான்." அவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "உன் பக்தியை என் பொழப்புலயா காட்டணும்?" என்றார். அக்கா உள்ளே அழுதாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். நான் செய்யப்போவது சரிதானா? சரிதான். ஆனாலும் வலிக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்
"கம்பியைக் கட்டியது நான். கட்டச் சொன்னது இவர். நெட்டையனுக்கு ஒன்றும் தெரியாது." அவ்வளவுதான் சொன்னேன். மேலாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்
நன்றாகத் தூங்கினேன். நன்றி, நன்றி.

மார்ச் 15, சனி
இனி நான் மெக்கானிக் இல்லை. ரொட்டியைப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் போட்டுவிட்டார்கள். அத்தானை மூன்று மாதம் இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். வேலை தப்பியது பெரிது.

நெட்டையன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீங்களாண்ணே?" என்றவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் மனைவி, "போயிட்டு வாங்க" என்றாள். வாங்க என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 28, வெள்ளி
அக்கா போன் செய்தாள். "அவரு இன்னும் உன்மேல கோவமாத்தான் இருக்காரு. ஆனா நேத்து ஜெபத்துல உன் பேரைச் சொன்னாருடா." பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதேன்.

மே 2, வெள்ளி
நெட்டையன் இந்த வாரம் வேலைக்குத் திரும்பினான். என்னோடு பேசவில்லை. இன்று இயந்திரப் பாதுகாப்பைக் கவனிக்கத் தொழிலாளர் சார்பில் ஓர் ஆளைச் சொல்லும்படி மேலாளர் கேட்டார். எல்லோரும் முழித்துக்கொண்டிருக்க, மூன்று விரல் கை ஒன்று உயர்ந்தது.

"இந்த அண்ணனைப் போடுங்க சார். இவரு தப்புப் பண்ணினா இவரே வந்து சொல்லிடுவாரு."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்ததும் பக்கத்திலிருந்தவர் "என்னாச்சு?" என்றார். தூசி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.