சிவப்புப் புள்ளியைப் பார்த்துப் படித்த கோடுகள்

அனுப்புநர்
முதுநிலைப் பரிசோதகர்,
காசநோய் ஆய்வுக்கூடம், இரண்டாம் மாடி,
அரசுத் தலைமை மருத்துவமனை.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நோய்ச் சோதனைகள் மதிப்பீட்டுப் பிரிவு,
சுகாதாரத் துறை.

பொருள்: காசநோய்க்கான சிறுநீர்ப் பட்டைச் சோதனையின் துல்லியம் தவறாக மதிப்பிடப்பட்டது – மதிப்பிட்டவரே அளிக்கும் புகார் – நாற்பது பேரைத் திரும்ப அழைத்துச் சோதிக்க வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: பட்டையில் 'இல்லை' என வந்தவர்களுக்குச் சளி வளர்ப்புச் சோதனை தேவையில்லை என்ற தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி சுற்றறிக்கை என் கையெழுத்தை நம்பி வெளியிடப்பட்டது. நூறு நோயாளிகளில் தொண்ணூற்றெட்டுப் பேரைப் பட்டை கண்டுபிடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தவள் நான். அது தவறு. யாரும் என்னை வற்புறுத்தவில்லை, பணம் எதுவும் கைமாறவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் இம்மனுவை எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

2. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் நோய் உறுதியானவரின் குப்பிகள் எல்லாவற்றின் மூடியிலும் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்போம். கவனமாகக் கையாள வேண்டும் என்பதற்காக வைப்பது. மதிப்பீட்டுக்கு உறைகுளிர்ப் பெட்டியிலிருந்து எடுத்த இருநூற்று நாற்பது சிறுநீர்க் குப்பிகளில் எண்பதில் அந்தப் புள்ளி இருந்தது. அவற்றை வெறும் எண் ஒட்டிய புதுக் குப்பிகளுக்கு மாற்றிய பிறகே பட்டையைப் பார்க்க வேண்டும் என்பது விதி. புதுக் குப்பிகள் வந்துசேரவில்லை, அறிக்கைக்கோ இரண்டு வாரமே இருந்தது. இருபது வருட அனுபவசாலிக்கு ஒரு புள்ளி என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். பழைய குப்பிகளையே மேசையில் வரிசையாக அடுக்கினேன்.

3. நோய் இருந்தால் பட்டையில் விழும் கோடு பல நேரங்களில் மிக மங்கலாக இருக்கும். மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான் என்று பட்டையோடு வரும் கையேடு சொல்கிறது. மூடியில் புள்ளி இருந்தால் என் கண்ணுக்குக் கோடு தெரிந்தது. புள்ளி இல்லாவிட்டால் அதே அளவு மங்கலை விளக்கொளியின் நிழல் என்று தள்ளினேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதிவிட்டு, முதல் மதிப்பெண் வாங்கியதாக மகிழ்ந்திருக்கிறேன். எனக்குப் பாராட்டுச் சான்றிதழும் வழங்கப்பட்டது. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத கண்ணுக்குச் சான்றிதழா என்று வீட்டில் அண்ணி கேலி செய்தார்.

4. சுற்றறிக்கை வந்த பின் நோயாளிகளின் குப்பிகள் புள்ளியில்லாமல் வந்தன. மங்கலான கோடுகளை 'இல்லை' என்றே பதிந்தேன். ஆனாலும் மனம் ஒப்பாத இடங்களில் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் சிறு கோடு இழுத்துவைத்தேன். மூன்று மாதத்தில் அப்படி நாற்பத்தோரு கோடுகள் சேர்ந்தன. சந்தேகத்தை ஓரத்தில் எழுதிவிட்டு, தீர்ப்பை நடுவில் எழுதியிருக்கிறேன்.

5. அவற்றில் பதினேழாவது கோடு என் அண்ணியுடையது. ஒரு மாத இருமலோடு வந்தவரை நானே வரிசையில் முன்னால் நிறுத்தினேன். முடிவைச் சொன்னதும், "நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சுற்றறிக்கையின்படி வளர்ப்புச் சோதனைக்கு அவர் சளி அனுப்பப்படவில்லை. ஏழு வாரம் கழித்து ரத்தமாக இருமினார். இப்போது அவரும், கழுத்தில் கட்டி கண்ட நான்கு வயது மகளும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது என் வேலை. அத்தை கொடுத்தால்தான் சாப்பிடுவேன் என்று குழந்தை அடம்பிடிக்கிறது.

6. அதன் பிறகு, அனுமதி பெறாமல், மீதமிருந்த பழைய குப்பிகளில் அறுபதை ரத்தப் பிரிவில் பணிபுரியும் தோழியிடம் கொடுத்து எண் மட்டும் ஒட்டிய புதுக் குப்பிகளுக்கு மாற்றித் தரச் சொன்னேன். எந்த எண் யாருடையது என்ற தாள் அவரிடமே இருந்தது. நோய் உள்ள முப்பது பேரில் பதினேழு பேரையே பட்டையில் கண்டேன். நோய் இல்லாத ஆறு பேருக்கு இருப்பதாகச் சொன்னேன். தாளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தோழி, "இதை யார்கிட்டயும் சொல்லாத, போனது போகட்டும்" என்றார். போனது போகவில்லை என்பதே என் புகார். அறுபது பட்டைகளை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்கும் நானே பொறுப்பு. தோழிக்கு இதில் பங்கில்லை.

7. துறைத் தலைவரிடம் இருமுறை நேரில் தெரிவித்தேன். அறிக்கை போய்விட்டது, இனி தோண்டினால் மொத்த ஆய்வுக்கூடத்தின் பெயரும் கெடும் என்றார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அண்ணி என் வீட்டில் இருந்ததால் அவர் விஷயம் தெரியவந்தது. மற்ற நாற்பது பேர் யார் வீட்டில் இருமிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களும் நான் சொன்னதை நம்பித்தான் வேலைக்குப் போயிருப்பார்கள்.

8. ஆகவே, அந்த நாற்பது பேரையும் இந்த வாரமே அழைத்துச் சளி வளர்ப்புச் சோதனை செய்யவும், சுற்றறிக்கையை நிறுத்திவைக்கவும், முடிவு தெரியாத வேறொருவரைக் கொண்டு பட்டையை மறுபடி மதிப்பிடவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை அதன் பிறகு நடக்கட்டும். விசாரணைக்காக அவர்களைக் காக்க வைக்க வேண்டாம்.

9. கடைசியாக ஒன்று. வீட்டில் அண்ணன் கோபப்படும்போதெல்லாம் அண்ணி, "பட்டை தப்பாக் காட்டிடுச்சு, அவ என்ன பண்ணுவா" என்று எனக்காகப் பரிந்து பேசுகிறார். பட்டை காட்டியது, நான்தான் பார்க்கவில்லை. அதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எழுத்தில் சொல்கிறேன்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
முதுநிலைப் பரிசோதகர்

இடம்: காசநோய் ஆய்வுக்கூடம்
நாள்: திங்கட்கிழமை, பணி தொடங்கும் முன்

இணைப்பு:
1. நாற்பத்தோரு பேரின் பட்டியல், தொலைபேசி எண்களுடன்.
2. அறுபது குப்பிகளின் மறுசோதனை முடிவு.
3. பாராட்டுச் சான்றிதழ் – அசல்.

நகல்: பட்டியலில் பதினேழாம் எண்ணுக்கு, நேரில், என் கையால்.