கோல்போஸ்டுக்குப் பின்னால் ஒரு குடை

தம்பி,

விடிந்ததிலிருந்து மழை. எதிர்வீட்டு லூசி சந்தைக்குக் கிளம்பியவள், நனைந்தபடி நம் வாசலில் வந்து நின்றாள். முன்னறையில் அப்பாவின் கறுப்புக் குடை விரித்தபடி கிடந்தது. "அதான் விரிச்சே வெச்சிருக்கியே, குடு" என்று இந்தியில் சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். அது கிடையாது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் என் பூப்போட்ட குடையைக் கொண்டுவந்து கொடுத்தேன். "வீட்டுக்குள்ள குடைய விரிச்சு வெச்சா ஆகாதுன்னு உங்கம்மா அப்பல்லாம் கத்துமே?" என்றாள். ஆகாததெல்லாம் ஆகி முடிந்துவிட்டது, நீ சந்தைக்குப் போ என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பூக்குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் குடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். துணியில் ஈர வாடை. கைப்பிடியில் மட்டும் இன்னும் அப்பாவின் தேங்காயெண்ணெய் வாசனை இருக்கிறது, அது என் பிரமையாகவும் இருக்கலாம். பிரமையாகவே இருக்கட்டும், எனக்கென்ன.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வந்தேன். கேட்கக்கூடாத கேள்வி அது. கடைசி வருஷங்களில் உன்னிடம் யாரும் கேட்கக்கூடாத ஒரே கேள்வி அதுதான்.

நம் பா ஊர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை கால்பந்து என்றால் அப்பா சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார். வெயிலோ மழையோ, இந்தக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு வடக்குப் பக்கத்துக் கோல்போஸ்டுக்குப் பின்னால் உட்காருவார். கரும்பு வெட்டுகிற நாளிலும் அந்த இடத்தை இன்னொருவருக்கு விட்டதில்லை. நீ வலது ஓரத்தில் ஆடுவாய். ஆட்டம் தொடங்குமுன் நீ தேடுவது பந்தையோ ஆட்டக்காரர்களையோ அல்ல, அந்தக் குடையைத்தான். நான் வேலிப்பக்கம் நின்றால் என்னிடம் ஓடி வருவாய். "அக்கா, குடை வந்துச்சா?" வந்தாச்சுடா, போய் ஆடு என்பேன். உடனே குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடுவாய். அப்புறம் உன்னைப் பிடிக்க யாராலும் ஆகாது. கோல் போட்டால் அப்பா கைதட்ட மாட்டார். குடையை ஒரு தரம் மேலே தூக்கி இறக்குவார், அவ்வளவுதான். உனக்கு அது போதும்.

எண்பத்தேழில், இந்தியர் கை ஓங்கிவிட்டது என்று ஃபிஜி ராணுவம் நாட்டை எடுத்துக்கொண்டது. எல்லோருக்கும் தெரிந்த கதை. நம் வீட்டுக் கதை ஒன்றே ஒன்றுதான். மில்லிலிருந்து திரும்பி வந்த அப்பாவைப் பாலத்துக்குப் பக்கத்தில் நான்கைந்து ஃபிஜியன் பையன்கள் மறித்தார்கள். அதில் முன்னால் நின்றவன் ரக்பி ஜெர்ஸி போட்டிருந்தான். அப்பாவைச் சேற்றில் உட்காரச் சொன்னான். அவர் உட்கார்ந்தார். அவன் பேரன் வயசுப் பையன், அப்பாவுக்கு அன்றைக்கே ஐம்பத்தைந்துக்கு மேல். வேறு ஒன்றும் செய்யவில்லை, அடிக்கவுமில்லை. உட்கார வைத்துச் சிரித்துவிட்டு அனுப்பினார்கள். அவர் வீட்டுக்கு வந்து வேட்டியைத் தானே துவைத்தார். அம்மாவைத் தொட விடவில்லை.

அதற்கப்புறம் ஊர் காலியாக ஆரம்பித்தது. உன் அணியில் கோல்கீப்பர் வான்கூவருக்குப் போனான், பாதிப் பேர் ஆக்லாந்துக்குப் போனார்கள். நீ சிட்னிக்கு, மாமா வீட்டுக்கு. நாடி விமான நிலையத்தில் அம்மா அழுதாள், நான் அழுதேன். அப்பா மட்டும் உன் தோளைத் தட்டி, "அங்கயும் வலது பக்கமே ஆடு. எடத்த மாத்தாத" என்றார்.

நீ இடத்தை மட்டுமா மாற்றினாய்! ஆட்டத்தையே மாற்றிவிட்டாய்.

அது எப்படி நடந்தது என்று நீ எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாய். ரொட்டித் தொழிற்சாலையில் வேலை, அந்தப் பக்கம் இருந்த கால்பந்துக் குழுவில் உன்னைச் சீந்துவார் இல்லை. ஒரு சனிக்கிழமை பூங்காவில் தனியாக உட்கார்ந்திருந்தாய். அங்கே ரக்பி ஆடிக்கொண்டிருந்த ஒருவன் உன்னைப் பார்த்து, "ஏய், பா ஊர் விங்கர்தானே நீ?" என்று நம் ஊர் இந்தியில் கத்தினான். பார்த்தால் நம் எதிர்வீட்டு ஃபிஜியன், லூசியின் அண்ணன் ஜோனே. அந்தப் பரதேசத்தில் அந்த இந்தியைக் கேட்டதும் உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். அன்றைக்கு அவர்களுக்கு ஓர் ஆள் குறைவு. சட்டம் தெரியாது என்றாயாம். "சட்டம் எதுக்கு? பந்தக் கையில புடி, எவனும் தொடறதுக்குள்ள ஓடு" என்றானாம் ஜோனே. ஓடினாய். ஓடிக்கொண்டே போய்ப் பெரிய கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தாய். சம்பளம், வீடு, ஷெரில், இரண்டு பிள்ளைகள், எல்லாம் அந்த ஓட்டத்தில் வந்ததுதான்.

இதில் ஒன்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த நம்மை இங்கே ஒருத்தரும் ஃபிஜியன் என்று சொன்னது கிடையாது. நாம் 'இந்தியர்'. அந்த ஊர்ப் பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, 'ஃபிஜியன்' என்று எழுதினான். துரத்திவிட்ட பிறகு கிடைத்த பெயர். அதைப் படித்துச் சிரித்தேன், பிறகு அடுப்படியில் போய் அழுதேன்.

அப்பாவிடம் ரக்பி என்று நான்தான் மெதுவாகச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்னச் சேத்துல குந்த வெச்சவன் ஆட்டமா? அத ஆடித்தான் என் புள்ள சோறு துன்னணுமா?" என்றார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். நீ அனுப்பிய வீடியோ கேசட்டுகளை நானும் அம்மாவும் போட்டுப் பார்ப்போம். அவர் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார். ஜோனேயின் வீடு என்று எதிர்வீட்டுடன் பேச்சும் நின்றது. லூசி என்ன பாவம் செய்தாள், சொல். நீ போனில் கேட்கிற கேள்வி மட்டும் மாறவே இல்லை. "அக்கா, பாத்தாரா?" பார்க்கலைடா. "சரி, அடுத்தத அனுப்புறேன்." நீ சலிக்கவும் இல்லை, அவர் இறங்கவும் இல்லை. ஒரே மண்ணில் பிடித்து வைத்த இரண்டு பிள்ளையார்கள்.

அப்புறம் அந்தச் செய்தி வந்தது. உன் கிளப் ஃபிஜிக்கு வருகிறது, லௌடோகாவில் ஓர் ஆட்டம். நீ போனில் மூச்சுவிடாமல் பேசினாய். "அக்கா, ஒரே ஒரு தரம். குடையோட வந்து குந்தினாப் போதும். பேசக்கூட வேணாம்." அதை அப்படியே அப்பாவிடம் சொன்னேன். அவர் மறுநாள் காலையில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டார்.

வாழ்நாளில் தீமிதித்திராத மனுஷர்! காப்புக் கட்டினால் பத்து நாளும் கோயில் வேலிக்குள்ளேயே இருக்க வேண்டும், தீ மிதித்து முடியும்வரை வெளியே கால் வைக்கக்கூடாது, வெளி ஆட்கள் தொடவும் கூடாது. உன் ஆட்டம் அந்தப் பத்து நாளுக்குள் வந்தது. ஊரே புரிந்துகொண்டது. உன்னைப் பார்க்காமல் இருக்க அம்மனையே காவலுக்கு வைத்துக்கொண்டார் என்று நான் அவர் காதுபடவே கத்தினேன். அவர் மஞ்சள் வேட்டியில், திருநீறு பூசிக்கொண்டு, கோயில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் நீ ஊருக்கு வந்து இறங்கிய அன்றே அவருக்குக் கட்டின காப்பு குத்த ஆரம்பித்துவிட்டது. சாயந்திரம் நான் போனபோது பூசாரியிடம், அவிழ்க்க வழி உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மன்கிட்ட வாக்கு குடுத்துட்டு வெளயாடுறியா?" என்று பூசாரி சத்தம் போட்டார். கோபத்தில் தானே போட்ட பூட்டுக்குத் தன்னிடமே சாவி இல்லை. ஆட்டத்தன்று மத்தியானம் வேலி ஓரமாக வந்து என்னை மெல்லக் கூப்பிட்டார். "ரேடியோல சொல்றானாமே?"

வீட்டுக்கு ஓடி ரேடியோவை எடுத்துக்கொண்டு வந்தேன். வேலிக்கு வெளியே, ரோட்டோரம் வைத்துத் திருகினால் வர்ணனை முழுக்க ஃபிஜியன் மொழியில். எனக்குப் பாதி புரியவில்லை, அவருக்கு அதுவும் இல்லை. நான் யாரைக் கூப்பிடுவேன்? லூசியைத்தான் கூப்பிட்டேன். மாவு பிசைந்த கையோடு வந்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் மஞ்சள் வேட்டியில் அப்பா, இத்தனை வருஷம் பேசாத இரண்டு பேர். அவள் கேட்டுக் கேட்டு நம் இந்தியில் சொன்னாள். உன்னிடம் முதல் பந்து வந்தது, கைதவறிக் கீழே விட்டுவிட்டாய் என்றாள். "சே!" என்று அப்பா தொடையில் அடித்துக்கொண்டார். பிறகு திடீரென்று அவள் எழுந்து நின்று, "தௌரே, காகா! தௌரே!", ஓடுறான் சித்தப்பா, ஓடுறான் என்று குதித்தாள். நீ ஓடிக்கொண்டிருந்தாய். அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஓடுடா, ஓடுடா" என்று கத்தினார். பூசாரி பார்த்தார், பார்க்காதவர் போல மறுபக்கம் போய்விட்டார்.

ஆட்டம் முடிந்து, இருட்டுமுன் நீ டாக்ஸி பிடித்துக் கோயிலுக்கே வந்தாய். முகமெல்லாம் வீங்கி, புருவத்தில் தையல். மைதானத்தில் குடையைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போனது என்று என்னிடம் சொன்னாய். உன் குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா வேலி ஓரம் வந்துவிட்டார். உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொதப் பந்த ஏன்டா கீழ வுட்ட?"

உனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. என் பக்கம் திரும்பினாய், என் காலடியில் ரேடியோவைப் பார்த்தாய். அப்புறம் அந்த ஆறடி உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. "கை வழுக்கிடிச்சிப்பா" என்று சின்னப் பையன் மாதிரி சொன்னாய். அவர் கையை நீட்டினார். பாதியில் காப்புக் கயிறு கண்ணில் பட்டது, இழுத்துக்கொண்டார். நீங்கள் இரண்டு பேரும் வேலிக்கு இரண்டு பக்கமும் தொடாமல் நின்றீர்கள். "அடுத்த தரம் நேர்ல வரேன்டா. குடையோட வரேன்" என்றார். அன்று ராத்திரி விமானத்தில் உன் அணி கிளம்பியது. நீயும் போனாய்.

அடுத்த தரம் என்று ஒன்று வரவில்லை. அடுத்த கரும்பு வெட்டு முடிவதற்குள் அவர் போய்விட்டார். அந்த வருஷத்துக் கடைசி ஆட்டம் உனக்கு இருந்ததால், நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குடையை நீ எடுத்துக்கொள் என்றேன். "வேணாம்க்கா, அது அந்த மைதானத்துக் குடை. இங்கயே இருக்கட்டும்" என்றாய். அம்மாவும் போனாள். பிறகு தமிழ் பேச எனக்கு நீயும் உனக்கு நானும்தான் மிச்சம். என் பிள்ளைகளுக்கு இந்தி, உன் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தால் நம் வீட்டுத் தமிழ் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எதைப் பேச ஆரம்பித்தாலும் நீ கடைசியில் அங்கேயேதான் வந்து நிற்பாய். "அவரு பாக்கவே இல்லல்லக்கா."

பிறகு நீ சொன்னதையே சொல்ல ஆரம்பித்தாய். காரை எங்கே நிறுத்தினோம் என்பதை மறந்தாய், பிறகு காரையே மறந்தாய். ஆடின காலத்தில் தலையில் வாங்கிய அடியெல்லாம் சேர்ந்துகொண்டது என்று டாக்டர் சொன்னதாக ஷெரில் அழுதாள். அறுபதுகூட ஆகவில்லையே உனக்கு! அந்த ஆட்டம் உனக்குக் கொடுத்ததையெல்லாம் கடைசியில் கணக்குத் தீர்த்து வாங்கிக்கொண்டது. இங்கிலீஷ் போனது, இந்தி போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெரில்தான் போன் செய்தாள். நீ காலையிலிருந்து ஜன்னலண்டை நின்று எதையோ திரும்பத் திரும்பக் கேட்கிறாய், சாப்பிட மறுக்கிறாய், வீட்டில் யாருக்கும் புரியவில்லை, நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள் என்று போனை உன் காதில் வைத்தாள்.

"அக்கா, குடை வந்துச்சா?"

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் குடை கதவுக்குப் பின்னால் ஆணியில் மடக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதை எடுத்தேன், விரித்தேன். துருப்பிடித்த கம்பி சடக்கென்று சத்தம் போட்டது.

"வந்தாச்சுடா. கோல்போஸ்டுக்குப் பின்னால குந்திக்கினு இருக்காரு. விரிச்சுப் புடிச்சிருக்காரு. போய் ஆடு."

பிறகு ஷெரில் வந்தாள். நீ குனிந்து கம்பளத்தைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டாயாம். அப்புறம் சிரித்தாயாம், உட்கார்ந்து சாப்பிட்டாயாம். அவரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். அவன் அப்பா வந்திருக்கிறார் என்று சொன்னேன் என்றேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு வருமுன் முடிந்துவிட்டது.

மழை விட்டுவிட்டது. லூசி இப்போதுதான் என் குடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். போகிறபோது இந்தக் கறுப்புக் குடையை மடக்கிவிடவா என்று கேட்டுக் கையை வைத்தாள். வேண்டாம் என்று பாய்ந்து தடுத்தேன். மடக்கினால் அவர் எழுந்து போய்விட்டார் என்று ஆகிவிடும். நீ பாதி ஆட்டத்தில் திரும்பிப் பார்த்தால் நான் என்னடா சொல்வேன்?