மாறி வந்த குரல்

மில்லர்புரம், தூத்துக்குடி
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் இந்துமதிக்கு,

அப்பா எழுதுவது. நான் சௌகரியமாக இருக்கிறேன். ரத்த அழுத்தம் போன மாதம் இருந்த அளவில்தான் இருக்கிறது. ஆக்லாந்தில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாப்பிள்ளையையும் பேத்தி ஸ்ரீஜாவையும் விசாரித்ததாகச் சொல்.

நீ ஆர்டர் செய்த, முத்துக்குளிப்பைப் பற்றிய அந்தப் பழைய ‘சலாபம்’ டிவி தொடரின் டிவிடிப் பெட்டி வந்துவிட்டது. குறைகளை வரிசையாக எழுதுங்கள், ஆங்கிலத்தில் மாற்றிக் கம்பெனிக்கு அனுப்புகிறேன் என்றாய். துறைமுகத்தில் இறங்குகிற சரக்கைச் சரிபார்த்து எழுதியே ஓய்வு பெற்றவன் நான். வேறு முறை தெரியாது. அதனால் அதே மாதிரி பிரித்திருக்கிறேன்.

1. வந்து சேராதவை
2. சேதமாகி வந்தவை
3. மாறி வந்தது (உன் அம்மாவின் குரல்)
4. வீட்டு விஷயம்

முதலாவது. அட்டையில் பதின்மூன்று வாரமும் இருப்பதாகப் போட்டிருக்கிறது. ஒன்பதாவது வாரம் இல்லை. அந்த இடத்தில் ஐந்தாவது வாரமே இன்னொரு தடவை ஓடுகிறது. முகப்புப் பாட்டை எடுத்துவிட்டு ஏதோ கீபோர்டு இசை போட்டிருக்கிறார்கள். பாட்டின் உரிமையில் தகராறு இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. கடைசியில் ஓடும் பெயர்களையும் வெட்டிவிட்டார்கள். ஏழாவது வாரத்தில் ‘தருவைகுளம் ஆசிரியை திருமதி வெயிலுகந்தாள்’ என்று உன் அம்மாவுக்கு நன்றி போட்டிருந்ததாக அந்த நாளில் பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. அன்று எனக்குக் கப்பலில் இரவு வேலை. மறுநாள் கேட்டபோது உன் அம்மா, “ஒண்ணுமில்ல, ஒரு வார்த்தைதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டாவது. அந்தக் காலத்துப் படம் சதுரமானது. இப்போதைய அகல டிவிக்குப் பொருந்த வேண்டும் என்று மேலேயும் கீழேயும் வெட்டியிருக்கிறார்கள். படகில் நிற்பவர்களுக்குத் தலை இல்லை, அல்லது கால் இல்லை. உன் அம்மாவுக்குப் புருவத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. பொட்டு தெரியவில்லை. கோளாறு நம் டிவியிலோ பிளேயரிலோ இருக்குமோ என்று சந்தேகப்பட்டு ரிப்பேர் கடைப் பேச்சிமுத்துவை அழைத்து வந்தேன். “அண்ணாச்சி, இந்த மெசினை இன்னும் வச்சிருக்கியளா? பேரீச்சம்பழக்காரன்கூட எடுக்க மாட்டானே” என்றான். பிறகு எல்லாப் பட்டனையும் அமுக்கிப் பார்த்துவிட்டு, “உங்க டிவி நல்லாத்தான் இருக்கு. அவன் அங்கனயே வெட்டித்தான் அனுப்பியிருக்கான்” என்றான்.

ஆங்கில வரிகளிலும் தவறு. உன் அம்மா பேசும் வசனம் இதுதான்: “ஏளா, வள்ளம் வந்துட்டு. இன்னும் என்ன உறக்கம்? எந்திரிளா!” படப்பிடிப்புக்கு வந்த சென்னை நடிகைக்கு ‘ஏளா’ வாயில் வரவில்லை என்றுதான், பள்ளிப் பிள்ளைகளோடு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற உன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார்கள். ‘ஏடி’ மாதிரி நம் பக்கம் கூப்பிடும் அந்த ‘ஏளா’வை யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்து, பெரிய எழுத்தில் ‘ஈலா’ என்று போட்டிருக்கிறார்கள்.

மூன்றாவது. இதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. பெட்டி வந்த அன்று போனில், “அம்மா குரல் இருக்காப்பா?” என்று கேட்டாய். இல்லை, மாற்றிவிட்டார்கள் என்றேன். “சரிப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாய். தொண்டை ஆபரேஷனுக்கு முந்தைய குரல் நம்மிடம் வேறெங்கும் இல்லை என்பது எனக்கும் தெரியும். உன் கல்யாண வீடியோவில் வீடியோக்காரன் முழுக்க சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டான். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் போனில்கூட அதிகம் பேசவில்லை. கொரோனா சமயத்தில் அவள் போனபோது விமானம் இல்லாமல் நீ வர முடியவில்லை. அதனால்தான் இதைத் தேடி வாங்கினாய்.

டிஸ்கில் இருப்பது யாரோ டப்பிங் பேசிய குரல். உரத்த குரல், கொஞ்சம் முரட்டுத்தனமும் உண்டு. உன் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நாலைந்து தடவை போட்டுப் பார்த்தும் அதே முடிவுக்குத்தான் வந்தேன். பழைய ஒலியைத் திரும்பச் சேர்த்துத் தரும்படி கம்பெனிக்குக் கண்டிப்பாக எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

நான்காவது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே வந்து இருக்கச் சொன்னாய். யோசித்துக்கொண்டிருக்கிறேன். மாடியில் குழாய் மாற்ற வேண்டும், அது முடியட்டும்.

நேற்று செல்விச் சித்தி சாத்தான்குளத்திலிருந்து வந்தாள். மீன் வாங்கி வந்து அடுப்படிக்குள் போனாள். டிவிடிப் பெட்டியைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது புள்ளியில் எழுதியது சரிதானா என்று இன்னொரு தடவை பார்க்கலாமே என்று ஏழாவது வாரத்தைப் போட்டேன். அந்த வசனம் வந்தது. அடுப்படியிலிருந்து உடனே, “எந்திச்சிட்டேன்க்கா!” என்று சத்தம் வந்தது.

பிறகு கையில் கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். “என்ன அத்தான் இது, அக்கால்லா பேசுதா!” என்றாள். இல்லை, டப்பிங் என்றேன். “யாரு சொன்னா? சின்னப் புள்ளைல தெனமும் காலைல இதைக் கேட்டுத்தானே நான் முழிப்பேன்” என்றாள். அவள் இப்படிச் சத்தம் போட மாட்டாளே என்றேன். “உங்க முன்னாலதான் பூனை மாதிரி பேசுவா. எங்க வீட்டுல அவ கத்துனா தெருமுனைக்குக் கேக்கும். இத்தனை வருசம் குடும்பம் நடத்துனீய, பொண்டாட்டி குரல் தெரியலியாக்கும்!” என்றாள். சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று அவளுக்கு ஆகிவிட்டது போலிருக்கிறது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நான் ரிமோட்டில் நிறுத்தினேன். மீன் கருகும் வாசனை வந்தது. போய் அடுப்பை அணைத்தேன். கருகாத பக்கமாகப் பார்த்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். மாலை அவளைப் பஸ் ஏற்றிவிட்டேன்.

சரக்கை எண்ணி எழுதும் டேலி ஷீட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. கோடு போட்டுப் பக்கத்தில் திருத்த வேண்டும். அதனால் மேலே எழுதியதைக் கிழிக்காமல் விட்டிருக்கிறேன். முதல் இரண்டையும் கம்பெனிக்கு அனுப்பு. மூன்றாவதைத் தயவுசெய்து அனுப்பிவிடாதே. நாம் கேட்டோம் என்று குரலை மாற்றிவிடப் போகிறார்கள்.

தபால் போய்ச் சேர நாளாகும். பேச்சிமுத்துவிடம் சொல்லி இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அந்த வசனத்தை மட்டும் தனியாக எடுத்துத் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். எப்போது அனுப்பலாம் என்று நீ சொல். தனியாக இருக்கும்போது கேட்காதே, மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். உனக்குக் கேட்டவுடனே தெரிந்துவிடும். நான் வேலைக்குப் போன பிறகு உன்னையும் அப்படித்தான் எழுப்பியிருப்பாள். வீட்டில் வேறு என்னவெல்லாம் அந்தக் குரலில் சொல்லுவாள் என்று, நேரம் கிடைக்கும்போது எனக்கு எழுது. சிறு விஷயமானாலும் பரவாயில்லை.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது புள்ளி தவறு. குரல் மாறி வரவில்லை. எனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

உன் அப்பா,
செந்தூர்வேல்